தொட்டுக்க

அரைக் கிலோ ஆப்பிளோடு வந்து நிற்கிறான் டெரன்ஸ்,
என் தம்பியின் தாடையை உடைத்தவன்.
பனைமரத்தொட்டியிலிருந்து காசிமேட்டுக்கு நடந்தே வந்திருக்கிறான்,
சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது.
"எப்படிக்கா கீறான்?"
கேள்வி என்னிடம், பார்வை வாசற்படியிடம்.

இருபத்தோரு நாள் எதையும் கடிக்கக் கூடாது என்று
ஸ்டான்லியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
கஞ்சி, ஜூஸ், பாலில் கரைத்த இட்லி.
அவனுக்குப் போய் ஆப்பிள்.
உள்ளே பூபாலன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.
பார்க்கவில்லை, கேட்டது.
எங்கள் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை.

திருப்பி அனுப்பியிருக்கலாம்.
அதற்குள் பை என் கைக்கு வந்துவிட்டது.
"உக்காரு. இத சீவிக் குடு."
வலது கையைத் தூக்கிக் காட்டினான்.
கடைசி ரெண்டு விரலும் சேர்த்துக் கட்டியிருந்தது.
தாடை உடைந்த அதே குத்தில்
அதுவும் உடைந்ததாம்.

நானே சீவினேன்.
பொடியாக நறுக்கி,
எம்.சி. ரோடு வண்டியில் வாங்கி மிச்சமிருந்த
அன்னாசித் துண்டு நாலைந்தும் சேர்த்து,
வாணலியில் ஒரு ஸ்பூன் வெண்ணெய்,
ஒரு கை நாட்டுச்சக்கரை,
பிரியாணிக்கு எடுத்து வைத்த பட்டையில் ஒரு முறி,
உப்பு, நகத்தளவு.
பழம் தன் தண்ணீரை விட்டது.
விட்ட தண்ணீரைத் தானே மெல்லக் குடிக்கத் தொடங்கியது.
அதுவரை கிளற வேண்டும்.
கன்டெய்னர் வண்டி போகும்போதெல்லாம்
கரண்டி தானாகவே ஆடும் வீடு இது,
எனக்குப் பாதி வேலை மிச்சம்.

காலையில் பிசைந்த சப்பாத்தி மாவு ரெண்டு உருண்டை இருந்தது.
அப்பளமாகத் தேய்த்து, முக்கோணமாக வெட்டி
எண்ணெயில் விட்டேன்.
எல்லாம் தட்டையாகப் பொரிய
ஒன்று மட்டும் ஒரு பக்கமாய்ப் புடைத்துக்கொண்டது,
பூபாலனின் இடது கன்னம் மாதிரி.
டெரன்ஸ் அதைப் பார்த்ததை
நான் பார்த்தேன்.
சட்டென்று எடுத்து
பொடித்த சக்கரையில் புரட்டி அடியில் தள்ளினேன்.

"இதுக்குப் பேரு இன்னாக்கா?"
"தொட்டுக்க."
"அது தெரிது. பேரு?"
"அதான்டா பேரு."

ஆவி பறக்கிற கிண்ணத்தில் இடது கையால் தோய்த்து
ஒன்றை வாயில் போட்டான்.
நொறுக்.
ஹார்பரில் ஐஸ் உடைக்கிற மெஷின்
வீட்டுக்குள்ளேயே ஓடின மாதிரி.
மெல்லுவதை நிறுத்திவிட்டான்.
உள்ளறையைப் பார்த்தான்.
பிறகு அடுத்தது, அதற்கடுத்தது,
சத்தம் வராமல் வாயிலேயே ஊறவைத்து
கண்ணை மூடி விழுங்கினான்,
மாத்திரை போல.

கட்டில் கால் தட்டியது.
வந்தான் பூபாலன். யாரையும் பார்க்கவில்லை.
தட்டுக்கு அடியில் விரலை விட்டு
சரியாக அந்தப் புடைத்ததையே எடுத்தான்,
கிண்ணத்தில் முக்கி அழுத்திப் பிடித்தான்,
தண்ணீருக்குள் மூச்சடக்குகிறவனைப் போல.
அது துவண்டு மடங்கியதும்
வாயோரமாக உள்ளே தள்ளினான்.
கண் கலங்கியது. சூடாக இருந்திருக்கும்.

பிறகு போனில் ஏதோ அடித்து
டெரன்ஸ் முகத்துக்கு நேராக நீட்டினான்.
எட்டிப் பார்த்தேன்:
"ரெண்டாவது ரவுண்டுல உன் லெஃப்ட் கை கீழ இருந்துச்சு.
நாந்தான் பாக்கல."
ரெண்டு தரம் படித்தான் டெரன்ஸ்.
"ஆமாடா" என்றான். "கோச்சும் திட்டனாரு."
பூபாலன் போனை வாங்கி மறுபடி அடித்தான்.
"சத்தமா தின்னு."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.
வாணலியின் அடியில் பிடித்திருந்ததைச் சுரண்டினேன்,
கருகலும் தித்திப்புமாக ஒரு விரல் அகலம்.
பங்கு கேட்க யாரும் வரவில்லை.
அங்கே நொறுக், நொறுக் என்று
ஒருத்தன் தின்றுகொண்டிருந்தான்,
இன்னொருத்தன் கேட்டுக்கொண்டிருந்தான்.